சொட்டும் எண்ணெய் சொல்லும் சேதி
பழைய காரை விற்பதா, வைத்துக் கொள்வதா?

வாசலில் நிற்கும் பழைய காருக்கு அடியில் ஒரு கறுப்புக் கறை. காலையில் கோலம் போட வரும் பெண்களின் கண்ணில் அதுதான் முதலில் படுகிறது.

"கார் ஒழுகுகிறது. இனி இது தேறாது. எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான்" என்கிறார் ஒருவர். "என்ஜினை இறக்கிப் பிரித்தால்தான் சரியாகும்" என்கிறார் இன்னொருவர்.

இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள். எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

பழைய கார்களுக்கான கட்டணங்கள் ஏறிவிட்ட இந்தக் காலத்தில், அப்படிப் பார்க்காமல் எடுக்கும் முடிவு ஒரு குடும்பத்துக்குப் பெரிய நஷ்டமாக முடியலாம்.

சேரன்மகாதேவியில் ஒரு வீடு

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

சேரன்மகாதேவியில் ஓட்டு வீடு. வாசலில் வெள்ளை அம்பாசிடர். தாத்தா வாங்கியது. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போனது அதுதான். பேரப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் இருந்து அழைத்து வந்ததும் அதுதான். அமாவாசைக்கு ஆச்சியைப் பாபநாசத்துக்கு அழைத்துப் போவதும் அதுதான். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று அந்தச் சாலையில் அது தடம் பதிக்காத ஊர் இல்லை.

இப்போது அது மாதக்கணக்கில் வாசலிலேயே நிற்கிறது. அடியில் கறை.

சென்னையில் இருக்கும் மகன் போனில் பேசுகிறான். "அப்பா, பதிவைப் புதுப்பிக்கிற நாள் வருது. பணம் கட்டி, ரிப்பேரும் பார்த்து, எதுக்கு இந்தச் செலவு? வித்திடுங்க."

அப்பா பதில் சொல்லவில்லை. ஆச்சி மட்டும் கேட்கிறாள்: "ஏல, எங்கே ஒழுகுதுன்னு யாராவது பார்த்தீகளா?"

ஆச்சி கேட்டதுதான் சரியான கேள்வி.

கட்டணம் எவ்வளவு ஏறியது?

சொந்தக் கார் ஒன்றின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் முன்பு ரூ.600 ஆக இருந்தது. 1-4-2022 முதல் அது ரூ.5 ஆயிரம் ஆயிற்று. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மத்திய அரசு மறுபடியும் மாற்றியது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு ரூ.10 ஆயிரம் என்று அறிவித்தது.

ஏன் இந்த உயர்வு? பழைய வண்டிகள் அதிகம் புகை விடுகின்றன. புதிய வண்டிகளில் இருக்கும் பாதுகாப்பும் அவற்றில் இல்லை. அவை சாலையில் இருந்து மெல்ல மெல்ல விலக வேண்டும் என்பது அரசின் எண்ணம். பழைய வண்டிகளை முறைப்படி உடைப்பதற்கான திட்டமும் 2021-ல் வந்தது.

அரசின் நோக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் குடும்பம் தன் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா?

ரூ.10 ஆயிரம் என்பது ஐந்து ஆண்டுகளுக்கு. ஆண்டுக்கு ரூ.2 ஆயிரம். மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.167. ஆகவே, காரை வைத்துக் கொள்வதா வேண்டாமா என்பதைக் கட்டணம் மட்டும் முடிவு செய்வது இல்லை. என்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

50 வயது ஆன கார்களுக்கு 2021-ல் தனி விதி வந்தது. மாற்றம் செய்யாத பழம்பெரும் கார் என்று பதிவு செய்யலாம். கட்டணம் ரூ.20 ஆயிரம். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். நம்பர் பலகையில் "வி.ஏ." என்ற எழுத்து வரும். ஆனால் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்ற காரியங்களுக்குத்தான் அந்தக் காரை எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. ஆச்சியைப் பாபநாசம் அழைத்துப் போக அந்தப் பதிவு உதவாது.

அம்பாசிடர் கதை

மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்ற ஊரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி அம்பாசிடர் கார்களைச் செய்தது. இங்கிலாந்து நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அமைப்பு அது. 1958-ல் விற்பனைக்கு வந்தது. 2014-ம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நின்றது. கடைசியாக வந்த காருக்குக்கூட 2029-ல் 15 வயது ஆகிவிடும்.

பல ஆண்டுகள் அந்தக் காரில் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். 1992-க்குப் பிறகு இசுசு என்ஜின் பொருத்திய கார்களும் வந்தன. இங்கே சொல்லப்படும் நுணுக்கங்கள் அந்தப் பழைய 1489 என்ஜினைப் பற்றியவை. ஆனால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை, பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார்களுக்கும் பொருந்தும்.

ஏன் ஒழுகுகிறது?

என்ஜினுக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. அதைச் "சம்ப்" என்பார்கள். எண்ணெய் அதில் கிடக்கும். ஒரு பம்பு அந்த எண்ணெயை மேலே தள்ளும். சுழலும் பாகங்களை எல்லாம் நனைத்துவிட்டு எண்ணெய் மறுபடியும் தொட்டிக்கே இறங்கும்.

என்ஜின் பல துண்டுகளைச் சேர்த்து முடுக்கியது. இரண்டு துண்டு சேரும் இடங்களில் எண்ணெய் வெளியே வராமல் இருக்க, நடுவே ஒரு பட்டை வைத்திருப்பார்கள். அதுதான் "பேக்கிங்." பழைய என்ஜின்களில் பல பேக்கிங்குகள் தக்கையால் ஆனவை. பாட்டில் மூடியில் இருக்குமே, அதே தக்கைதான்.

தக்கை சூட்டில் காயும். சுருங்கும். வெடிக்கும். கார் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் இன்னும் சீக்கிரம் காயும். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் கார், தினமும் ஓடும் காரைவிட அதிகமாக ஒழுகுவது இதனால்தான்.

முதலில் துடை, பிறகு பார்

அழுக்குப் படிந்த என்ஜினில் ஒழுகும் இடம் தெரியாது. எல்லா இடமும் கறுப்பாகத்தான் இருக்கும். ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வது.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், மண்எண்ணெயில் நனைத்த துணியாலும் பிரஷ்சாலும் துடைக்க வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது. பீடி, சிகரெட்டு கூடாது. வடியும் அழுக்கை ஒரு தட்டில் பிடித்துக் கொள்ள வேண்டும்.

துடைத்த இடம் காய்ந்ததும், சேரும் இடங்களில் எல்லாம் முகப் பவுடரை லேசாகத் தூவலாம். எண்ணெய் கசிந்தால் வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு விழும். திருடன் மாவில் கால் பதித்த மாதிரி அகப்பட்டுக் கொள்ளும்!

பிறகு காருக்கு அடியில் பெரிய வெள்ளை அட்டையை விரிக்க வேண்டும். முன் சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று அட்டையில் பென்சிலால் குறித்துக் கொள்ள வேண்டும். பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, டார்ச் லைட் அடித்துப் பார்க்க வேண்டும். ஓடும்போது விசிறி, பெல்ட் பக்கம் கையையோ சேலைத் தலைப்பையோ கொண்டு போகக் கூடாது. பிறகு நிறுத்திவிட்டு, மறுநாள் காலை அட்டையைப் பார்க்க வேண்டும்.

ஓடும்போது மட்டும் ஒழுகினால், பம்பு தள்ளும் பாதையில் கோளாறு. எண்ணெய்க் குழாய், வடிகட்டி போன்ற இடங்களைப் பார்க்க வேண்டும். ராத்திரி நிற்கும்போது ஒழுகினால், பெரும்பாலும் அடித் தொட்டியின் பேக்கிங் அல்லது எண்ணெய் இறக்கும் திருகு.

எந்த எண்ணெய்?

அட்டையில் விழுவது எல்லாம் என்ஜின் எண்ணெய் அல்ல.

கறுப்பு அல்லது பழுப்பு நிறமாக, முன்பக்கம் விழுந்தால் அது என்ஜின் எண்ணெய். கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் நாற்றத்துடன் இருந்தால் கியர் எண்ணெய். வெறும் தண்ணீராக இருந்தால் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் மெல்லிய, வழுக்கும் திரவம் விழுகிறதா? அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்படியானால் காரை நகர்த்தவே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு அழைக்க வேண்டும்.

மேலே பிறந்து கீழே சொட்டும்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

எண்ணெய் சொட்டும் இடம் வேறு. ஒழுகும் இடம் வேறு. கூரையில் ஓடு உடைந்தது அடுக்களைக்கு மேலே. தண்ணீர் மரச்சட்டத்தோடு ஓடிச் சொட்டுவது கூடத்தில். என்ஜினிலும் அதே கதைதான். எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். கார் ஓடும்போது எதிர்க்காற்று அதை முன்னிருந்து பின்னே தள்ளும்.

ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களில் மிக மேலே எது, மிக முன்னே எது என்று பார்க்க வேண்டும். அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

முதலில் என்ஜினின் தலைமூடி. அதன் தக்கைப் பேக்கிங் போனால் எண்ணெய் நாலா பக்கமும் வழியும். இதை மாற்றுவது எளிது. ஆனால் "ஒழுகுகிறதே" என்று திருகை மேலும் மேலும் முடுக்கக் கூடாது. தகடு வளைந்துவிடும். தக்கை பிதுங்கி உடையும். ஒழுகல் அதிகமாகும்.

அடுத்தது எண்ணெய் வடிகட்டி. வடிகட்டியை மாற்றும்போது அதன் ரப்பர் வளையத்தையும் மாற்றுவார்கள். பழைய வளையம் பள்ளத்தில் ஒட்டிக் கொண்டிருப்பதைப் பார்க்காமல், அதற்கு மேலேயே புதியதைப் போட்டுவிடுவது உண்டு. இரண்டு வளையம் இருந்தால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும்.

முன்பக்கம் விசிறிக்குப் பின்னால் டைமிங் மூடி இருக்கிறது. சுழலும் தண்டு அதன் வழியாக வெளியே வருகிறது. அங்கே சீல் தேய்ந்தால், விசிறி பெல்ட் இருக்கும் சக்கரம் சுழலும்போது எண்ணெயைச் சுற்றிலும் தெறிக்கும். ரேடியேட்டரின் பின்பக்கம் எண்ணெய்ப் புள்ளிகள் இருந்தால் இதுதான் காரணம்.

பொய் சாட்சி

இனி, அதிகச் செலவு வைக்கும் இடத்துக்கு வருவோம்.

என்ஜினும் கியர் பெட்டியும் சேரும் இடத்துக்கு அடியில் எண்ணெய் சொட்டும். அதைப் பார்த்தவுடன், "பின் சீல் போய்விட்டது. என்ஜினை இறக்க வேண்டும்" என்று சொல்லி விடுவார்கள்.

அந்தப் பழைய 1489 என்ஜினின் பின் முனையில் ரப்பர் சீலே கிடையாது! சுழலும் தண்டில் திருகு மாதிரி ஒரு சுருள் வெட்டு இருக்கிறது. தண்டு சுழலும்போது, அந்த வெட்டு எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். என்ஜின் நின்றுவிட்டால் வெட்டுக்கு வேலை இல்லை. அதனால், மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கும் காரில் சில சொட்டு பின்னால் கசிவது அதன் பிறவிக் குணம். நோய் அல்ல.

அந்த அறையின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் ஓர் ஊசிக் கம்பி தொங்கும். வண்டி குலுங்கும்போது கம்பி ஆடி, துளை அடைபடாமல் பார்த்துக் கொள்ளும். கசியும் எண்ணெய் அந்த வழியாக வெளியேறத்தான் அந்த ஏற்பாடு. "ஒழுகுகிறது" என்று அந்தத் துளையை அடைத்தால், எண்ணெய் கிளட்சை நனைக்கும். கிளட்சு வழுக்கும். சொட்டை நிறுத்தப் போய்ப் பெரிய செலவை வாங்கிக் கொண்டதாக முடியும்.

இன்னொரு விஷயம் உண்டு. என்ஜினின் இடது பக்கத்தில், புகைக் குழாய்க்கு அடியில், இரண்டு தகட்டு மூடிகள் மறைந்து இருக்கின்றன. அவற்றுக்கும் தக்கைப் பேக்கிங்தான். புகைக் குழாய்ச் சூட்டில் அது வறண்டு போகிறது. அங்கே கசியும் எண்ணெய் பின்பக்கம் ஓடி, கியர் பெட்டி சேரும் இடத்தில் வந்து சொட்டுகிறது. குற்றம் செய்தவன் ஒருவன், பிடிபட்டவன் வேறொருவன்!

என்ஜினை இறக்கும் முன், இந்த இரண்டு மூடிகளையும் துடைத்துப் பவுடர் தூவிப் பார்த்தீர்களா என்று மெக்கானிக்கைக் கேட்க வேண்டும். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது பழமொழி. பேக்கிங் விலை சிறிது. என்ஜினை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது.

மூச்சு அடைத்தால்

ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் ஒழுகினால்? எல்லாப் பேக்கிங்கும் ஒரே நாளில் கெட்டுப் போகுமா? போகாது. அப்போது என்ஜினின் மூச்சுக் குழாயைப் பார்க்க வேண்டும்.

என்ஜின் ஓடும்போது கொஞ்சம் வாயு உள்ளே இறங்கும். அது வெளியேற ஒரு குழாய் இருக்கிறது. அந்தக் குழாய் அழுக்கால் அடைபட்டால், வாயு வெளியேற வழி தேடும். கொதிக்கும் உலையின் மூடியை அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும்? ஓரங்களில் பொங்கி வழியும். என்ஜினிலும் அப்படியே. புதுப் பேக்கிங் போட்டாலும் ஒரு வாரத்தில் ஒழுகும்.

குழாயைச் சுத்தம் செய்தவுடன் ஒழுகல் குறைந்தால் நல்ல காலம்!

குறையவில்லையா? என்ஜின் மெல்ல ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கலாம். லேசான ஆவி வருவது இயல்பு. புகை குபுகுபு என்று வந்தால், உள்ளே பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. பின்னால் நீலப் புகையும் வரும். இது பெரிய வேலை. காரை வைத்துக் கொள்வதா என்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

வெள்ளம் வந்த வீடுகளில்

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லைச் சீமையும் தூத்துக்குடிச் சீமையும் மறக்காது. தாமிரபரணி கரை புரண்டது. எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் மூழ்கின.

மூழ்கிய காரின் சாவியைத் திருப்பவே கூடாது. அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெய் முழுவதையும் இறக்கி, புதிது ஊற்றிய பிறகுதான் மற்றது. வெள்ளம் படாத காரில் இந்த நிறம் கண்டால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும்.

ஒரு சொட்டின் கணக்கு

நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 1,440 சொட்டு. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால் 72 மில்லி. முப்பது நாளில் இரண்டு லிட்டருக்கு மேல்!

ராத்திரி முழுவதும் இரண்டு, மூன்று சொட்டு என்றால் பயம் இல்லை. வாரம் ஒருமுறை குச்சியில் அளவு பார்த்தால் போதும். ஆனால் சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தாலும், எண்ணெய் சூடான புகைக் குழாயில் விழுந்து புகைந்தாலும், கிளட்சு வழுக்கினாலும் உடனே காரை நிறுத்த வேண்டும்.

தரையில் சொட்டிய எண்ணெய் அங்கேயே நிற்பது இல்லை. மழை அதை வாய்க்காலுக்குக் கொண்டு போகும். சேரன்மகாதேவி வயல்களுக்குக் கன்னடியன் கால்வாய் பாய்கிறது. பக்கத்திலேயே தாமிரபரணி ஓடுகிறது. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் அதுதான் குடிதண்ணீர். ஆற்றங்கரையில் காரைக் கழுவுவதும், கழித்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றுவதும் குடிக்கிற குடத்தில் அழுக்கைக் கொட்டுவதற்குச் சமம். கழித்த எண்ணெய் அபாயக் கழிவு என்று 2016-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதை டப்பாவில் பிடித்து, முறைப்படி சேகரிக்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும்.

ஆச்சிக்குப் பதில்

அந்தச் சேரன்மகாதேவி வீட்டுக்குத் திரும்புவோம்.

மெக்கானிக் வருகிறார். துடைக்கிறார். பவுடர் தூவுகிறார். மறுநாள் காலையில் டார்ச் லைட்டை அடித்துப் பார்த்துவிட்டு, காருக்கு அடியில் இருந்து எழுந்து வருகிறார்.

"அண்ணாச்சி, என்ஜினை இறக்க வேண்டாம். இடது பக்கத்து மூடியிலே தக்கை காய்ஞ்சு கிடக்கு. மூச்சுக் குழாயும் அடைச்சிருக்கு. ரெண்டையும் பார்த்தாப் போதும்."

இது எல்லா வீட்டிலும் கிடைக்கும் பதில் அல்ல. சில வீடுகளில் மெக்கானிக் நீலப் புகையைக் காட்டி, "இது முடிஞ்சு போச்சு, அண்ணாச்சி" என்று சொல்லக் கூடும். அப்போது மனதைத் தேற்றிக் கொண்டு, அரசு அனுமதி பெற்ற உடைப்பு நிலையத்தில் காரைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவதுதான் சரி. புகை விடும் காரைப் பாசத்துக்காக ஓட்டினால், அந்தப் புகையைச் சுவாசிப்பது தெருவில் விளையாடும் பிள்ளைகள்தான்.

வைத்துக் கொள்ளலாம். விற்கலாம். எதுவாக இருந்தாலும், ஒழுகும் இடத்தைக் கண்ட பிறகு முடிவு செய்ய வேண்டும். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது. வீடே செல்லரித்த பிறகு வெள்ளை அடித்தும் பயன் இல்லை.

மெக்கானிக் சொன்னதைக் கேட்டு ஆச்சி சிரிக்கிறாள். "அப்போ வருகிற அமாவாசைக்குப் பாபநாசம் உண்டு" என்கிறாள்.